கதவு திறக்கும் வீடுகள்

ஜூன் 4

அன்புள்ள அண்ணா,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணியின் ரத்தக் கொதிப்பு மாத்திரை வேளாவேளைக்கு உள்ளே போகிறதா, இல்லை டப்பாவிலேயே பத்திரமாக இருக்கிறதா? நான் சௌக்கியம். உடம்பைவிட மூக்குதான் படுகிறது, பழைய கோப்புகளின் தூசி.

நீ இத்தனை வருடம் குடிநீர்ப் பொறியாளராக இருந்த அதே நகராட்சிக்கு உள் தணிக்கையாளராக வந்து மூன்று வாரம் ஆகிறது. எனக்குக் கொடுத்த அறை, பிறப்பு இறப்புப் பதிவு அறைக்குப் பக்கத்தில். அவர்கள் அறைக்கும் பலகை இல்லை, என் அறைக்கும் பலகை இல்லை. காலையிலிருந்து, "இறப்புச் சான்றிதழ் இங்கதானேம்மா?" என்று ஆட்கள் எட்டிப் பார்த்தபடி இருக்கிறார்கள். இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இப்போதெல்லாம் அவர்களுடைய விண்ணப்பத்தைச் சரிபார்த்தே அடுத்த அறைக்கு அனுப்புகிறேன்.

மற்றபடி நான் ஒரு அறைக்குள் நுழைந்தால் அங்கே பேச்சு நின்றுவிடுகிறது. ஏதோ திருட்டைப் பிடிக்க வந்தவள் என்று நினைப்பு. காசைத் தேடி வரவில்லை, சொன்ன வேலை சொன்னபடி நடக்கிறதா என்று உள்ளேயே இருந்து பார்த்து, கோளாறு பெரிசாகும் முன்னால் சொல்வதுதான் என் வேலை என்று விளக்கிப் பார்த்தேன். தலையாட்டினார்கள். நம்பவில்லை.

உன் தங்கை என்று தெரிந்ததும்தான் நாற்காலியே வந்தது. உன் பேருக்கு இங்கே அத்தனை மரியாதை. அப்பா போன பிறகு நீ படிக்க வைக்காவிட்டால் எனக்கு இந்த நாற்காலியும் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன். அண்ணிக்கு என் அன்பைச் சொல்.

உன் தங்கை


ஜூன் 19

அன்புள்ள கறார் அம்மணிக்கு,

முழங்கால் மாடிப்படியைக் கண்டால் வலிக்கிறது, சாப்பாட்டு மேசையைக் கண்டால் வலிப்பதில்லை. உன் அண்ணி மாத்திரை சாப்பிடுகிறாள், நான்தான் எண்ணிப் பார்த்துக் கொடுக்கிறேன். நீ உடம்பைப் பார்த்துக்கொள். மூக்குக்குத் துணி கட்டிக்கொண்டு கோப்பைத் திற.

நீ கடிதம் எழுதியது நல்லதாகப் போயிற்று. போனில் பேசினால் நமக்கு இரண்டாவது நிமிஷமே சண்டை. கடிதம் என்றால் உறையை ஒட்டும்வரை யோசிக்க நேரம் இருக்கிறது.

ஒரு புத்திமதி. வந்த புதிதில் யாரையும் நோண்டாதே. எடுத்தேன் கவிழ்த்தேன் என்று குறிப்பு எழுதாதே. முதலில் எங்கே தொடங்குவது என்று குழப்பமாக இருந்தால் குடிநீர்ப் பிரிவுக்குப் போ. உனக்கு அங்கே வேலையே இருக்காது, நிம்மதியாகக் காப்பி குடித்துவிட்டு வரலாம். என் காலத்தில் பரிசோதனைக்குப் போன ஒரு தண்ணீர் மாதிரிகூடத் தோற்றதில்லை. அதற்குக் கொடுத்த விருது மாடிப்படித் திருப்பத்தில் மாட்டியிருக்கும், தூசி இருந்தால் துடைத்துவிடு. அந்த விருதை வைத்துத்தான் இந்த ஊரில் மேற்பார்வைப் பொறியாளர் ஆனேன். டிசம்பரில் தலைமைப் பொறியாளர் பதவிக்கு நேர்காணல். கிடைத்தால் உனக்கு என்ன வேண்டும் என்று இப்போதே யோசித்து வை.

உன் அண்ணன்


ஜூலை 11

அன்புள்ள அண்ணா,

நேர்காணல் செய்தி படித்து சந்தோஷம் தாங்கவில்லை. அண்ணியை முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கச் சொல். நேர்காணல் எந்த மாடியில் வைத்திருக்கிறார்களோ.

நீ சொன்னபடியே குடிநீர்ப் பிரிவிலிருந்து தொடங்கினேன். தாள்கள் எல்லாம் பளிச்சென்று இருந்தன. எல்லா மாதமும், எல்லா மாதிரியும் தேறியிருந்தது. ஒரு வேலையைத் தாளில் பார்த்தால் போதாது, செய்கிறவர் பின்னாலேயே போய்ப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் முறை. அதனால் தண்ணீர் மாதிரி எடுக்கிறவரோடு ஒரு நாள் சுற்றினேன். உனக்குத் தெரிந்தவர்தான். பனிக்கட்டிப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவதால் எல்லோரும் அவரை ஐஸ்பெட்டி என்றே கூப்பிடுகிறார்கள், அவரும் கோபித்துக்கொள்வதில்லை.

முதல் வீட்டில் மணி அடிக்கும் முன்பே கதவு திறந்தது. இரண்டாவது வீட்டில் நாற்காலி தயாராக இருந்தது. மூன்றாவது வீட்டில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது, எனக்குச் சேர்த்து வைக்கவில்லையே என்று அந்த அம்மாள் பதறிப்போனாள். அப்படியே எல்லா வீடும். ஒரே மனிதரை மாதாமாதம் பார்க்கிற பழக்கம். ஒன்று கவனித்தேன். எல்லா வீடும் மேல்நிலைத் தொட்டியின் நிழலில் இருக்கின்றன. குழாய் கிளம்புகிற இடம். ஊரின் அந்தக் கோடியில், சாக்கடை ஓரமாகக் குழாய் போகிற கடைசித் தெருக்கள் பக்கம் சைக்கிள் திரும்பவே இல்லை.

"இந்த வீடுங்களை யாருங்க முடிவு பண்ணது?" என்று கேட்டேன்.

"பழைய சார் சொன்ன வீடுங்கதாம்மா. எல்லாம் டக்குனு கதவைத் திறக்கிறவங்க" என்றார் பெருமையாக.

அண்ணா, பழைய சார் நீதானே? இந்த வீடுகளை எப்படித் தேர்ந்தெடுத்தாய்?

உன் தங்கை


ஜூலை 20

அன்புள்ள கறாருக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஒத்தடம் நடக்கிறது. இந்த வாரம் வீட்டுக் கூரை ஒழுகி, படுக்கையறையில் மூன்று வாளி வைத்திருக்கிறோம். ஊருக்கே தண்ணீர் கொடுக்கிறவன் வீட்டில் தண்ணீர் தானாக வருகிறது என்று உன் அண்ணி பக்கத்து வீட்டில் எல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். கொத்தனார் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லியே ஆளைக் கொல்கிறார்.

நேர்காணலுக்குப் புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறேன். தையல்காரர் என் இடுப்பை அளந்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுதிக்கொண்டார். அந்த மௌனம்தான் சகிக்கவில்லை.

ஐஸ்பெட்டியைக் கேட்டதாகச் சொல். நல்ல மனிதர். உடம்பைப் பார்த்துக்கொள், வெயிலில் அலையாதே.

உன் அண்ணன்


ஜூலை 30

அன்புள்ள அண்ணா,

கூரை சரியாகிவிட்டதா? அண்ணி ஈரத் தரையில் நடக்க வேண்டாம் என்று சொல்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. இடுப்பளவு முதற்கொண்டு எழுதினாய், அதை மட்டும் எழுதவில்லை. அந்தக் கேள்வியை வீட்டுக் கடிதத்தில் கேட்டது என் தப்பு. அலுவலகக் கேள்வியை அலுவலக வழியில்தான் கேட்டிருக்க வேண்டும். பதிலும் ஒருவிதத்தில் கிடைத்துவிட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். கடைசித் தெருக்களில் மாதிரி எடுக்கச் சொன்னேன். பாதிக்கு மேல் தேறவில்லை. குடிக்கக் கூடாத தண்ணீர். அன்றைக்கே தகவல் கொடுத்து, குளோரின் அளவை ஏற்றி, அங்கே லாரியில் தண்ணீர் அனுப்ப வைத்தேன். அது தற்காலிகம். குழாயை மாற்ற வேண்டும், பரிசோதனை முறையையும் மாற்ற வேண்டும். மழை தொடங்கும் முன் செய்யாவிட்டால் சாக்கடை நேராகக் குழாய்க்குள் போகும்.

அதற்கு அறிக்கை வேண்டும். அறிக்கை எழுத வேண்டியவள் நான். பழைய முறையை வகுத்தவர் என் அண்ணன் என்று ஆணையரிடம் எழுத்திலேயே கொடுத்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி! "ரொம்ப சரிங்க. சொந்தக்காரங்க விஷயத்துல நீங்க பார்க்கக் கூடாது. விலகிக்குங்க. கோப்பை அப்படியே வச்சிடலாம்" என்றார்.

தணிக்கைப் பிரிவில் இருப்பதே நான் ஒருத்திதான். நான் விலகினால் அந்தக் கோப்பைத் தொட ஆள் இல்லை, அதனால்தான் அந்த மலர்ச்சி. விலகாமல் நானே எழுதினால், அண்ணனைக் காப்பாற்ற எழுதினாள் என்பார்கள், அல்லது அண்ணன்மேல் என்ன காட்டமோ என்பார்கள். இரண்டு விதத்திலும் அந்தத் தெருக்காரர்களுக்குத் தண்ணீர் சரியாகாது.

நான் விலகுவேன். ஆனால் கோப்பைச் சாக விடமாட்டேன். உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தெரியும். எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. எழுது.

உன் தங்கை


ஆகஸ்ட் 28

அன்புள்ள அண்ணா,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. அண்ணிக்கு உடம்பு சரியில்லையோ என்று முதலில் பயந்தேன். பிறகு கொத்தனாருக்குப் போன் செய்து, உன் கூரை முடிந்தது என்றும் நீ வாசலில் நின்று அவரைத் திட்டினாய் என்றும் கேட்டு நிம்மதியானேன்.

வழி கண்டுபிடித்துவிட்டேன். பக்கத்து நகராட்சியிலும் உள் தணிக்கைக்கு ஒருவர் இருக்கிறார். எழுத்துக்கு எழுத்து உற்றுப் பார்க்கிறவர், அங்கே அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பேர். அவர் இங்கே வந்து இந்தக் கோப்பைப் பார்ப்பார், அத்தனை நாளும் நான் அங்கே போய் அவருடைய தெருவிளக்குக் கோப்பைப் பார்ப்பேன். ஆணையர் ஒத்துக்கொள்ளவில்லை. நகர்மன்றத்தின் தணிக்கைக் குழுவுக்குப் போனேன். அதன் தலைவர் மருந்துக்கடை வைத்திருக்கிற ஒரு உறுப்பினர். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தத் தெருக்காரங்களுக்கு வயித்துப்போக்கு மாத்திரை வித்தே என் கடை ஓடுதும்மா. அந்த வியாபாரம் எனக்கு வேணாம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

இனிமேல் இந்த விஷயத்தைப் பற்றி நான் உனக்கு எழுத மாட்டேன். நீயும் கேட்காதே. வீட்டு விஷயம் எவ்வளவு வேண்டுமானாலும் எழுது.

உன் தங்கை


செப்டம்பர் 9

தங்கைக்கு,

எல்லோரும் நலம்.

கேட்காதே என்கிறாய். கேட்கப் போவதில்லை, சொல்லப் போகிறேன். ஊர் முழுவதற்கும் மாதிரி எடுக்க ஒரே ஆள், ஒரே சைக்கிள். வெயில் ஏறினால் பனிக்கட்டி உருகிவிடும். உருகினால் மாதிரி வீண். பரிசோதனைக் கூடம் மதியத்துக்கு மேல் வாங்காது. பூட்டிய கதவுகளைத் தட்டிக்கொண்டு நிற்க நேரம் ஏது? இன்னொரு ஆள் கேட்டு எத்தனை முறை எழுதினேன் என்று அங்கே யாரையாவது கேள். கொடுத்தார்களா? கதவு திறக்கிற வீட்டில் எடுத்துக்கொண்டு வா என்றேன். நான் யாரையும் ஏமாற்றவில்லை.

நீ எனக்கு ஒன்று செய். அந்தப் பூதக்கண்ணாடியிடம் ஒரு வார்த்தை சொல். "முந்தைய நடைமுறை" என்று எழுதட்டும், போதும். என் பதவியையும் காலத்தையும் எழுத வேண்டாம். குழாய் மாறப்போவது எப்படியும் மாறும், அதில் என் பேர் இருந்தால் தண்ணீர் கூடுதலாகச் சுத்தமாகிவிடுமா? உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

அண்ணன்


செப்டம்பர் 17

அன்புள்ள அண்ணா,

நீ கேட்டதில்லை, உண்மைதான். என் கல்லூரிக் கட்டணத்துக்கு நீ என்ன விற்றாய் என்று அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதக் கை வரவில்லை, எழுதியாக வேண்டும்.

உன் கடிதத்தைக் குழுத் தலைவரிடம் காட்டிவிட்டேன்.

கோபப்படு. நியாயம்தான். தணிக்கைக்குள்ளானவர் தணிக்கை செய்கிறவரிடம் சொல்லச் சொல்லி எனக்கு எழுதியிருக்கிறார். அதை நான் மறைத்தால், நான் விலகியதற்கு அர்த்தமே இல்லை. பூதக்கண்ணாடியிடம் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன். அவர் என்ன எழுதுகிறார் என்று எனக்குத் தெரியவும் தெரியாது.

தலைவர் மருந்துக்கடைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பின்பாதியை நான் மறந்துடறேன். முன்பாதியை அவர் எங்களுக்கு எழுதியிருக்கணும்" என்றார். அது சரியென்றே எனக்கும் படுகிறது. ஒரே ஆள், ஒரே சைக்கிள், உருகுகிற பனிக்கட்டி, நீ கேட்டும் கொடுக்காத இன்னொரு ஆள். இது எல்லாம் அறிக்கையில் வர வேண்டிய விஷயம். உன்னைத் தவிர அதைச் சொல்ல யாரும் இல்லை. முறையாக எழுதிக் குழுவுக்கு அனுப்பு.

உன் பேர் இருந்தால் தண்ணீர் சுத்தமாகாதுதான். ஆனால் யார் செய்தார், ஏன் செய்தார் என்று எழுதாவிட்டால், அடுத்து வருகிறவரும் கதவு திறக்கிற வீட்டுக்கே போவார்.

முழங்காலைக் கவனி. எனக்கு எழுத வேண்டாம் என்று தோன்றினால் அண்ணியை ஒரு வரி எழுதச் சொல்.

உன் தங்கை


நவம்பர் 2

அன்புள்ள அண்ணா,

இங்கே நல்ல மழை. உங்கள் கூரை தாங்குகிறதா?

வீட்டு விஷயம் மட்டும் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன், எழுத உட்கார்ந்தால் வீட்டில் ஒரு விஷயமும் இல்லை. ஒரு குடை வாங்கினேன். அதைப் பேருந்தில் தொலைத்தேன். என் அறைக்கு ஒருவழியாகப் பலகை வந்தது, ஆனாலும் இறப்புச் சான்றிதழ்க்காரர்கள் வருவது நிற்கவில்லை. பக்கத்து நகராட்சியில் இருந்த நாட்களில் ராத்திரி எரியாத விளக்குகளைப் பார்த்துக்கொண்டே நடந்து கழுத்து பிடித்துக்கொண்டது. தைலம் தேய்க்க ஆள் இல்லை.

அண்ணியும் எழுதவில்லை. பதில் போடாவிட்டால் போகட்டும். நலம் என்று ஒரு அட்டையாவது அனுப்பக் கூடாதா? தபால்காரரைப் பார்த்தாலே எனக்கு வெட்கமாக இருக்கிறது, அவரே "இன்னிக்கும் இல்லம்மா" என்று தூரத்திலிருந்தே கையை ஆட்டிவிடுகிறார்.

உன் தங்கை


நவம்பர் 18

தங்கைக்கு,

எல்லோரும் நலம். கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, தைலம் வேண்டாம், உனக்கு அது ஒத்துக்கொள்ளாது.

அறிக்கையின் நகல் என் இலாகாவுக்கு வந்தது. பூதக்கண்ணாடி உன்னைவிடக் கறார். என் பதவி, காலம், நான் சொன்ன வார்த்தை, எல்லாம் இருக்கிறது. நான் கூடுதல் ஆள் கேட்டு எழுதியவற்றையும் தேடி எடுத்துச் சேர்த்திருக்கிறார், ஒப்புக்கொள்கிறேன். நேர்காணல் பட்டியல் நேற்று வந்தது. அதில் என் பேர் இல்லை. உன் அண்ணி வீட்டில் உன் பேச்சை எடுப்பதில்லை. அதற்கு நான் அவளிடம் ஒன்றும் சொல்லவும் இல்லை.

குழு இருபத்தாறாம் தேதி என்னைக் கூப்பிட்டிருக்கிறது. வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனவர் எழுத்தில் பதில் கொடுத்தால் போதும் என்று அதிலேயே போட்டிருக்கிறது. எழுதிப் பார்த்தேன். எழுத எழுத அது வக்கீல் எழுதியதுபோல் ஆகிக்கொண்டே போனது. அதனால் நேரில் வருகிறேன்.

அங்கே நல்ல விடுதி ஒன்றின் பேர் எழுது. குழு முடிவெடுக்கும்வரை உன் வீட்டில் தங்கக் கூடாது அல்லவா?

அண்ணன்


நவம்பர் 21

அன்புள்ள அண்ணா,

தங்கக் கூடாது. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கிற விடுதியில் கீழ்த்தளத்தில் அறை கேள், படி ஏறாதே. உன்னை அழைக்க நிலையத்துக்கும் வர மாட்டேன். விசாரணை அறைக்குள்ளும் நான் இருக்க மாட்டேன்.

ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வா. அந்த விடுதியில் வெந்நீர் கேட்டால் கொடுப்பார்கள்.

உன் தங்கை


நவம்பர் 26, விடுதி

அன்புள்ள கறாருக்கு,

ஐந்து தெரு தள்ளி இருக்கிறவளுக்குக் கடிதம் எழுதுகிற முதல் அண்ணன் நானாகத்தான் இருப்பேன். விடுதி மேலாளர் உறையில் விலாசத்தைப் பார்த்துவிட்டு, "நடந்தே போயிடலாமே சார்" என்றார். முழங்கால் வலி என்று சொல்லி, விடுதிப் பையனிடம் கொடுத்தனுப்ப ஏற்பாடு செய்தேன்.

காலையில் உன்னைப் பார்த்தேன். வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து குனிந்து எழுதுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தாய். பேனாவின் மூடியைக் கழற்றவே இல்லை. நானும் சுவரில் இருந்த வரி அறிவிப்பைப் படிப்பதுபோல் கடந்து போனேன். இளைத்துவிட்டாய்.

உள்ளே மருந்துக்கடைக்காரர் ஒரே கேள்விதான் கேட்டார். "ஏன் சார் அந்த வீடுங்க?" என்றார். பனிக்கட்டி, சைக்கிள் எல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு, "அந்தக் கடைசித் தெருவுல கதவு திறக்க மாட்டாங்கன்னு எப்படித் தெரியும்?" என்றார். "தெரியாது சார். அங்க தட்டினதில்ல" என்றேன்.

முடிவு நாளைக் காலை கையெழுத்தாகிறது. இன்னொரு ஆள் கொடுக்கிறார்கள். மாதாமாதம் ஊர் முழுவதிலிருந்தும் குலுக்கல் போட்டு வீடுகளை எடுப்பது, முடிவை அந்தந்தத் தெருவில் ஒட்டுவது, பழைய குழாயை வரும் கோடையிலேயே மாற்றுவது, அதுவரை லாரித் தண்ணீரை நிறுத்தாமல் இருப்பது. உள் தணிக்கை இனி ஆணையரிடம் இல்லை, நேராகக் குழுவிடமே அறிக்கை கொடுக்கும் என்றும் ஒரு வரி இருக்கிறது. என் பணிப் பதிவேட்டில் ஒரு குறிப்பு ஏறும். பதவி உயர்வு போனது எனக்குப் பெரிய வருத்தம்தான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நீ அந்தக் கடிதத்தைக் காட்டியதில் கோபமும் முழுசாகப் போகவில்லை. போகும்.

சாயங்காலம் அந்தக் கடைசித் தெருவுக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. முதல் வீட்டைத் தட்டினேன், திறந்தார்கள். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, எல்லாம் திறந்தார்கள். கடைசி வீட்டு அம்மாளிடம், தண்ணி எப்படி வருதுன்னு பார்க்க வந்தேன் என்றேன். "இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றாள். திட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். உட்காரச் சொல்லி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு தயங்குவதைப் பார்த்துவிட்டு, "பயப்படாம குடிங்க. காய்ச்சினதுதான். இங்க எல்லா வீட்லயும் வருஷக்கணக்கா காய்ச்சித்தான் குடிக்கிறோம்" என்றாள்.

குடித்தேன். அந்த விருது வாங்கிய அன்று மேடையில் நான் பேசியதெல்லாம் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது, கறார். உன்னிடம்தான் சொல்ல முடியும்.

நாளைக் காலை கையெழுத்து ஆனதும் எனக்கும் உன் கோப்புக்கும் சம்பந்தம் முடிகிறது. மதியம் சாப்பிட வருகிறேன். என்னைத் திட்ட நினைத்திருந்தால் சாப்பாடு போட்ட பிறகு திட்டு.

உன் அண்ணன்